கரைசல் சரியானால் கணக்கும் சரியாகும்
(உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்திற்கு ஒரு முன்தயாரிப்பு)

முன்னுரை

உயிர்வேதியியல் செய்முறை வகுப்பு என்றதும் நிறமானியும் சோதனைக் குழாய்களும் வண்ண வண்ணக் கரைசல்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. நிறம் தோன்றுகிறது, அளவீடு எடுக்கிறோம், சூத்திரத்தில் இட்டு விடை காண்கிறோம். ஆனால் அந்த அரைமணி நேர வேலைக்கு முன்னே, வேதிப்பொருளை எடையிட்டு, கரைத்து, வடிகட்டி, பெயரெழுதி ஒட்டி வைத்த பல மணி நேர வேலை ஒன்று உண்டு. பெரும்பாலும் அதனை ஆய்வக உதவியாளரும் விரிவுரையாளரும் நமக்காகச் செய்து வைத்து விடுகின்றனர். எனவே, "குப்பியில் இருப்பது சரியானதே" என்ற நம்பிக்கையோடு நாம் சோதனையைத் தொடங்குகிறோம்.

அந்த நம்பிக்கை எதன்மேல் நிற்கிறது? நாளை நம்மில் சிலர் மருத்துவமனை ஆய்வுக்கூடங்களிலும், பால் பதனிடும் நிலையங்களிலும், சர்க்கரை ஆலைகளிலும், மண் பரிசோதனை நிலையங்களிலும் பணிபுரியக்கூடும். அங்கே குப்பியை நிரப்பி வைக்க வேறொருவர் இருக்கமாட்டார்; நாமே நிரப்ப வேண்டும். அப்போது தாளில் எழுதும் ஓர் எண்ணை நம்பி ஒரு நோயாளிக்கு மருந்து கொடுப்பார்கள். ஆகவே, கரைசல்களையும் மாதிரிகளையும் எவ்வாறு தயாரிக்க வேண்டும், ஏன் அவ்வாறு தயாரிக்க வேண்டும் என்பதை ஒரே ஒரு சோதனையை அடிப்படையாகக் கொண்டு இக்கட்டுரையில் காண்போம். அச்சோதனை பாஸ்பரஸ் அளவறியும் சோதனையாகும். அதனைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அதன் பெயரிலேயே நம் சென்னை மாகாணத்து மாணவர் ஒருவரின் பெயர் இருக்கிறது.

சுப்பாராவின் நீல நிறம்

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு, அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றார். அங்கே அவருக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டவில்லை, அதனினும் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. பின்னர்ச் சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் விரிவுரையாளராக இருந்து, 1923ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரை அடைந்தார். ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் சைரஸ் ஃபிஸ்கே என்பாரோடு இணைந்து, இரத்தத்திலும் சிறுநீரிலும் தசையிலும் உள்ள பாஸ்பரசை நிறத்தின் வாயிலாக அளக்கும் முறையொன்றை உருவாக்கி 1925ஆம் ஆண்டு வெளியிட்டார். ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை என்று உலகெங்கும் வழங்குவது இதுவே. நூறாண்டுகள் கடந்த பின்னும் கல்லூரிச் செய்முறை ஏடுகளில் அது இடம்பெற்று வருகிறது.

இதன் தத்துவம் எளியது. அமில நிலையில் பாஸ்பேட்டும் அம்மோனியம் மாலிப்டேட்டும் சேர்ந்து பாஸ்போமாலிப்டிக் அமிலம் உண்டாகிறது. ஓர் ஒடுக்கும் பொருளைச் சேர்த்தால் அது நீல நிறமாக மாறுகிறது. பாஸ்பேட் எவ்வளவு மிகுதியோ நீலமும் அவ்வளவு மிகுதி.

இனித்தான் நாம் கவனிக்க வேண்டிய செய்தி வருகிறது. தசையிலிருந்து எடுத்த சாற்றை இம்முறையால் சோதித்தபோது, நீல நிறம் வரவேண்டிய நேரத்தில் முழுமையாக வரவில்லை. மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போயிற்று. வேறொருவராயின், "சோதனைக் கரைசல் கெட்டுவிட்டது" என்று கொட்டியிருக்கக்கூடும். ஆனால் அவர்கள் தம் கரைசல்களைத் தாமே செய்தவர்கள். அவற்றின் அமில அளவையும் வலிமையையும் அறிந்தவர்கள். தூய பாஸ்பேட்டுக்கு உரிய நேரத்தில் நிறம் தரும் கரைசல், தசைச் சாற்றுக்கு மட்டும் தாமதம் காட்டுகிறது என்றால், குறை கரைசலில் இல்லை; சாற்றிலேயே ஏதோ இருக்கிறது என்று துணிந்தனர். அமில மாலிப்டேட்டில் சிறிது சிறிதாகச் சிதைந்து பாஸ்பேட்டை வெளிவிடும் ஒரு பொருள் தசையில் இருந்தது. அதுவே 1927இல் அவர்கள் அறிவித்த பாஸ்போகிரியாட்டின். தசை சுருங்கும்போது செலவாகி, ஓய்வில் மீண்டும் உருவாகும் ஆற்றல் சேமிப்பு அது. ஏறத்தாழ அதே காலத்தில் இங்கிலாந்தில் எகிள்டன் தம்பதியரும் இதே பொருளைக் கண்டனர்.

இதற்கு முன்பு பலர் தசையை ஆராய்ந்தும் இது கண்ணில் படாமற் போனது ஏன்? மாதிரியைத் தயாரித்த விதமே காரணம். எளிதில் சிதையும் அப்பொருள், தசையைச் சாறெடுப்பதற்குள்ளாகவே சிதைந்து சாதாரணப் பாஸ்பேட்டாக மாறிவிட்டது. விரைவாகவும் குளிர்ச்சியிலும் மாதிரி எடுத்தால்தான் அது தங்கும்.

ஆகக் கரைசல், மாதிரி என்ற இவ்விரண்டும் செவ்வையாக அமைந்தமையால், எதிர்பாராத ஓர் அளவீடு பெரிய கண்டுபிடிப்பாயிற்று. இவை செவ்வையாக இல்லாதபோது வரும் எதிர்பாராத அளவீட்டுக்குப் பொருளே இல்லை. நம் ஆய்வேட்டிலும் இதே நிலைதான்.

முதலில் நீர்

எல்லாக் கரைசல்களுக்கும் பொதுவான வேதிப்பொருள் நீர். அதனை நாம் ஒரு வேதிப்பொருளாகவே எண்ணுவதில்லை. நம் கோவை வட்டாரத்தில் சிறுவாணி நீரின் சுவையை அறியாதார் இல்லை. சூலூர்ப் பக்கம் ஆழ்குழாய்க் கிணற்று நீரில் துணி துவைத்தவர்களுக்கு உப்புநீர் என்றால் என்னவென்றும் தெரியும். சோப்பு நுரைக்காது, வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படிவு கட்டும். அப்படிவு பெரும்பாலும் கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் கார்பனேட்டுகள்.

இந்த நீரைச் சோதனைக் கரைசலுக்குப் பயன்படுத்தினால் என்ன நேரும்? புரதத்தை அளக்கும் லௌரி முறையில் 2 விழுக்காடு சோடியம் கார்பனேட் வருகிறது. கால்சியம் நிறைந்த நீர் அதனைத் தொட்டவுடன் கால்சியம் கார்பனேட் கலங்கலாக வீழ்படியும். கலங்கல் ஒளியைத் தடுக்கும். நிறமானி அதனையும் நிறமென்றே கணக்கிடும். உமிழ்நீர் அமிலேஸ் சோதனையில் விளைவு வேறு விதமானது. குளோரைடு அயனி அந்நொதியின் செயலைத் தூண்டும். கால்சியம் அதற்கு உறுதுணை. எனவே ஒரு குழு காய்ச்சி வடித்த நீரிலும் மறுகுழு குழாய் நீரிலும் உமிழ்நீரை நீர்த்தால், இரு குழுவின் விடைகளும் ஒத்துவராமற் போவதில் வியப்பில்லை. இருவரும் சண்டையிட வேண்டியதும் இல்லை. நீரைக் கேட்டால் போதும்.

சிறுவாணி நீர் குடிக்க இனியதாயினும் சோதனைக்கு அதுவும் குழாய் நீரே. காய்ச்சி வடித்த நீருக்கு அது ஈடாகாது.

கண்ணாடிக் கலங்களைக் கழுவுவதும் நீரைச் சேர்ந்த செய்தியே. பாஸ்பரஸ் சோதனைக்குரிய குழாய்களைப் பாஸ்பேட் கலந்த சலவைத்தூளால் கழுவினால், தேடும் பொருளை நாமே குழாயில் பூசி வைத்தவர்கள் ஆவோம். அத்தகைய குழாய்களை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்து, பிறகு காய்ச்சி வடித்த நீரால் பலமுறை அலச வேண்டும். முற்காலத்தில் பொட்டாசியம் டைகுரோமேட்டும் அடர் கந்தக அமிலமும் கலந்த குரோமிக் அமிலக் கலவையால் கலங்களைத் துலக்கினர். குரோமியத்தின் அவ்வகைச் சேர்மங்கள் புற்றுநோய் விளைவிப்பன என்று உறுதியாகிவிட்ட படியால், அப்பழக்கம் இப்போது தவிர்க்கப்படுகிறது. பழைய செய்முறை நூல்களைப் படிப்போர் இதனை மனத்திற் கொள்க.

எடையும் பெயரும்

நீருக்கு அடுத்தது எடை. இங்கே இரண்டு வகைப் பிழைகள் நேர்கின்றன. ஒன்று தராசைப் பற்றியது. மற்றொன்று குப்பியின் மேலுள்ள பெயரைப் பற்றியது. இரண்டாவதே பெரிது.

சில உப்புகள் படிக நீருடன் கிடைக்கின்றன. டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் என்ற ஒரே பெயரில் நீரற்ற உப்பும், 12 மூலக்கூறு படிக நீர் கொண்ட உப்பும் கடையில் வருகின்றன. முன்னதன் மூலக்கூறு எடை ஏறத்தாழ 142. பின்னதன் எடை 358. ஒரு லிட்டர் 0.1 மோலார் கரைசலுக்கு முன்னதில் 14.2 கிராம் போதும், பின்னதில் 35.8 கிராம் வேண்டும். படிக நீர் உள்ள உப்பில் 14.2 கிராம் எடுத்தவருக்குக் கிடைப்பது 0.04 மோலார் கரைசலே. பாதிக்கும் குறைவு! காப்பர் சல்பேட்டும் அவ்வாறே. நீல நிற உப்பின் எடை 249.7, வெண்ணிற நீரற்ற உப்பின் எடை 159.6. எனவே செய்முறை நூலில் உள்ள கிராம் கணக்கைப் பார்க்கும் முன், குப்பியின் சீட்டில் அச்சிட்ட மூலக்கூறு எடையைப் பார்ப்பது நலம்.

பெயர்க்குழப்பம் எவ்வளவு தூரம் இழுத்துச் செல்லும் என்பதற்கு நம் பாஸ்பரஸ் சோதனையிலேயே சான்று காட்டலாம். இதன் திட்டக் கரைசலுக்குப் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட்டை 0.3509 கிராம் எடையிட்டு ஒரு லிட்டராக்குவர். கெடாமல் இருக்கப் 10 நார்மல் கந்தக அமிலம் 10 மி.லி. அதிலேயே சேர்ப்பர். இதில் மி.லி. ஒன்றுக்கு 0.08 மி.கி. பாஸ்பரஸ் இருக்கும். அலமாரியில் அதன் அருகிலேயே டைபொட்டாசியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் குப்பியும் இருக்கும். பெயரில் "டை" என்னும் சொல் இடம் மாறியிருப்பது தவிர வேறு வேறுபாடு கண்ணில் படாது. ஆனால் இரண்டாவதன் மூலக்கூறு எடை மிகுதி, 0.3509 கிராமில் பாஸ்பரஸ் குறைவு. அக்கரைசலில் மி.லி. ஒன்றுக்கு 0.062 மி.கி. மட்டுமே இருக்கும்.

விளைவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். இயல்பான ஒருவரின் சீரத்தில் 100 மி.லி.க்கு ஏறக்குறைய 2.5 முதல் 4.5 மி.கி. வரை பாஸ்பரஸ் இருக்கும். ஒருவருக்கு உண்மையில் 4.0 மி.கி. இருப்பதாகக் கொள்வோம். திட்டக் கரைசல் வலுக்குறைந்து இருப்பதால், அதனோடு ஒப்பிடும்போது அவருடைய சீரம் மிகுதியாகத் தோன்றும், விடை 5.1 மி.கி. என்று வரும். பாஸ்பேட் கூடுவது சிறுநீரகக் கோளாற்றின் அறிகுறிகளுள் ஒன்று. நலமாக உள்ளவர் நோயாளியென எண்ணப்படுவார். அதுவும் அவர் ஒருவர் அல்லர். அக்குப்பி தீரும்வரை வருவோர் அனைவருக்கும் இதே தவறு. சோதனைக் குழாயில் நேரும் பிழை ஒருவரைக் கெடுக்கும். திட்டக் கரைசலில் நேரும் பிழை எல்லாரையும் கெடுக்கும்.

இதிலிருந்து மற்றொரு பாடமும் உண்டு. எல்லாவற்றையும் நான்கு தசம இடங்கள் வரை எடையிட வேண்டியதில்லை. சர்க்கரை இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்க்கும் பெனிடிக்ட் கரைசலுக்குச் சாதாரணத் தராசு போதும். திட்டக் கரைசலுக்கே நுண்தராசு வேண்டும். எங்கே நுட்பம் தேவை, எங்கே தேவையில்லை என்று அறிவது நேரத்தையும் பொருளையும் மிச்சப்படுத்தும்.

எடையிட்டே திட்டக் கரைசல் செய்ய இயலாத பொருள்களும் உள. சோடியம் ஹைட்ராக்சைடு எடையிடும்போதே காற்றின் ஈரத்தையும் கார்பன் டைஆக்சைடையும் உறிஞ்சுகிறது. ஆகவே அதனை ஏறத்தாழ எடையிட்டுக் கரைத்து, பின்னர் ஆக்சாலிக் அமிலத் திட்டக் கரைசலால் தரம் பார்க்க வேண்டும். ஆக்சாலிக் அமிலப் படிகத்தின் சமான எடை 63, 100 மி.லி. டெசிநார்மல் கரைசலுக்கு 0.63 கிராம்.

கரைத்தலும் நீர்த்தலும்

"5 விழுக்காடு கரைசல்" என்றால் 5 கிராமை 100 மி.லி. நீரில் போடுவது அன்று. 5 கிராமைக் குறைந்த நீரில் கரைத்து, மொத்தப் பருமன் 100 மி.லி. ஆகும்வரை நீர் சேர்ப்பதாகும். கரைபொருளும் இடத்தை அடைத்துக்கொள்ளும் அல்லவா? அவ்வாறே "ஒன்றைப் பத்தாக நீர்த்தல்" என்பது 1 மி.லி. சாற்றோடு 9 மி.லி. நீர் சேர்ப்பது, 10 மி.லி. சேர்ப்பது அன்று. ஒருமுறை செய்தால் இவ்வேறுபாடு சிறிது. மூன்று முறை தொடர்ந்து நீர்த்தால், ஆயிரத்தில் ஒன்று என நாம் எண்ணியிருப்பது உண்மையில் 1331இல் ஒன்றாகி விடும். விடையில் நான்கில் ஒரு பங்கு காணாமற் போகும்.

கரைக்கும்போது சூடேறினால் அறை வெப்பநிலைக்கு ஆறிய பிறகே அளவுக் கோடு வரை நீர் நிரப்ப வேண்டும். அளவுக் குடுவையின் மேல் அது எந்த வெப்பநிலைக்கு அளவிடப்பட்டது என்று பொறித்திருக்கும். அக்குடுவையை அடுப்பில் வைப்பதும், அதிலேயே கரைசலைச் சேமித்து வைப்பதும் தகாது.

அடர் கந்தக அமிலத்தைப் பற்றிச் சொல்லாமல் அப்பால் செல்ல இயலாது. நம் மாலிப்டேட் கரைசலுக்கு 10 நார்மல் கந்தக அமிலம் வேண்டும். அடர் அமிலம் ஏறக்குறைய 36 நார்மல். எனவே ஒரு லிட்டருக்கு 10ஐ 1000ஆல் பெருக்கி 36ஆல் வகுக்க, 278 மி.லி. எனக் கிடைக்கிறது. பாதிக்கு மேல் நீர் உள்ள கெட்டிக் கண்ணாடி முகவையைக் குளிர்ந்த நீர்த்தொட்டியில் வைத்து, அமிலத்தைச் சிறிது சிறிதாக, கலக்கிக்கொண்டே ஊற்ற வேண்டும். எக்காரணம் கொண்டும் நீரை அமிலத்தில் ஊற்றலாகாது. அமிலம் நீரைவிடக் கனமானது; மேலே விழுந்த நீர் அங்கேயே கொதித்து அமிலத்தோடு முகத்தில் தெறிக்கும். கண்ணாடியும் கையுறையும் அணிவது கோழைத்தனம் அன்று. அதுபோலவே பிப்பெட்டை வாயால் உறிஞ்சும் பழைய வழக்கமும் கைவிடத்தக்கது. ரப்பர் உறிஞ்சுகுமிழ் எதற்காக இருக்கிறது?

வரிசை முறை

ஒரே பொருள்கள், ஒரே அளவு. ஆயினும் சேர்க்கும் வரிசை மாறினால் கரைசல் கெடும். பெனிடிக்ட் கரைசலை எடுத்துக்கொள்வோம். ஒரு லிட்டருக்குச் சோடியம் சிட்ரேட் 173 கிராம், நீரற்ற சோடியம் கார்பனேட் 100 கிராம், காப்பர் சல்பேட் 17.3 கிராம். முதலிரண்டையும் சுமார் 800 மி.லி. வெந்நீரில் கரைத்து வடிகட்டி, தனியே 100 மி.லி. நீரில் கரைத்த காப்பர் சல்பேட்டைக் கலக்கிக்கொண்டே மெல்லச் சேர்க்க வேண்டும். சிட்ரேட் தாமிரத்தைப் பற்றிக்கொள்வதால் தெளிந்த நீலக் கரைசல் கிடைக்கும். சிட்ரேட்டை மறந்து தாமிரத்தைக் கார்பனேட்டில் ஊற்றினால் நீலச் சேறு அடியில் தங்கும்.

லௌரி முறையில் வரிசையோடு காலமும் முக்கியம். கார்பனேட் கரைசல் 50 பங்கும் தாமிர டார்ட்ரேட் கரைசல் 1 பங்கும் அன்றன்றே கலக்க வேண்டும். பின்னர்ச் சேர்க்கும் ஃபோலின் கரைசல் காரத்தில் நெடுநேரம் தாங்காது. ஊற்றிய கையோடு குழாயைக் குலுக்க வேண்டும். பத்துக் குழாய்களிலும் ஊற்றிவிட்டுப் பிறகு குலுக்கலாம் என்றிருந்தால், முதற்குழாயும் பத்தாம் குழாயும் ஒரே புரத அளவுக்கு வெவ்வேறு நிறம் காட்டும்.

ஃபிஸ்கே–சுப்பாராவ் முறையில் அமில அளவே உயிர்நாடி. 25 கிராம் அம்மோனியம் மாலிப்டேட்டை 200 மி.லி. நீரில் கரைத்து, 10 நார்மல் கந்தக அமிலம் 500 மி.லி. சேர்த்து ஒரு லிட்டராக்குவது முதற்கரைசல். அமிலம் 300 மி.லி. மட்டும் சேர்ப்பது இரண்டாங்கரைசல். ஏன் இரண்டு? சீரத்திலிருந்து புரதத்தை நீக்கிய வடிநீரில் டிரைகுளோரோ அசிட்டிக் அமிலம் ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு அமிலம் குறைந்த இரண்டாங்கரைசல். திட்டக் கரைசலுக்கு முதற்கரைசல். இவ்வாறு இரு குழாய்களிலும் இறுதி அமில நிலை ஏறத்தாழச் சமமாகிறது. அமிலம் மிகுந்தால் நிறம் வராது. மிகக் குறைந்தால் பாஸ்பேட் இல்லாமலே மாலிப்டேட் நீலமாகும்.

ஒடுக்கும் கரைசலுக்கு அமினோநாப்தால் சல்போனிக் அமிலம் 0.5 கிராமை 15 விழுக்காடு சோடியம் பைசல்பைட் 195 மி.லி.யில் இட்டு, 20 விழுக்காடு சோடியம் சல்பைட் 5 மி.லி. சேர்த்துக் கரைத்து, பழுப்புக் குப்பியில் ஒளி படாமல் வைக்க வேண்டும்.

தாங்கல் கரைசல்

உயிர்ப்பொருள்கள் அமில கார மாற்றத்தைப் பொறுத்துக்கொள்வதில்லை. பி.எச். என்னும் அளவுகோலை 1909இல் டென்மார்க்கின் காரல்ஸ்பர்க் ஆய்வுக்கூடத்தில் சாரன்சென் வகுத்ததே நொதிகளை ஆராய்ந்தபோதுதான். ஆனால் பெயரறியாமலே அந்த அளவுகோலைக் கையாண்டவர்கள் நம் ஊர்ப்புறத்திலும் உண்டு. கரும்புச் சாறு காய்ச்சும் ஆலையில் கொப்பரையில் சுண்ணாம்பு நீர் சேர்ப்பதை நாம் பார்த்திருக்கிறோம். சாற்றின் புளிப்பு சுக்ரோசைக் குளுக்கோசாகவும் ஃபிரக்டோசாகவும் பிளந்துவிடும். பிளந்தால் வெல்லம் கெட்டிப்படாமல் பிசுபிசுக்கும். சுண்ணாம்பு புளிப்பை மாற்றி அழுக்கையும் பிரிக்கிறது. அளவு மிஞ்சினால் நிறம் கறுக்கும். பார்த்துப் பழகிய கை அந்த அளவை அறியும்.

நாம் அளவைக் கணக்கால் அறிகிறோம். பி.எச். 7.0 உள்ள 0.1 மோலார் பாஸ்பேட் தாங்கல் கரைசலுக்கு, 0.2 மோலார் சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 39 மி.லி.யும் 0.2 மோலார் டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 61 மி.லி.யும் கலந்து 200 மி.லி. ஆக்கலாம். பிறகு பி.எச். மானியால் சரிபார்ப்பது நன்று. ஒன்று நினைவிருக்கட்டும்: பாஸ்பரசை அளக்கும் சோதனைக்குரிய நொதிச் சாற்றைப் பாஸ்பேட் தாங்கலில் எடுக்கலாகாது.

மாதிரி என்பது உயிருள்ள பொருள்

கரைசல் குப்பியில் அசையாது நிற்கும், மாதிரி நில்லாது. வெட்டிய கரும்பும் கறந்த பாலும் எடுத்த இரத்தமும் மாறிக்கொண்டே இருக்கின்றன. வெட்டிய கரும்பைக் காலம் தாழ்த்தாமல் ஆலைக்கு அனுப்பவேண்டும் என்று உழவர் அவசரப்படுவது ஏனெனில், கிடக்கக் கிடக்கக் கரும்பிலுள்ள நொதி சுக்ரோசைப் பிளக்கிறது. 1912இல் தொடங்கிய கோவைக் கரும்பு இனப்பெருக்க நிலையத்தின் புகழ்பெற்ற இரகங்களும் இவ்விதிக்கு விலக்கல்ல. காலையில் பிழிந்த சாற்றை மாலையில் சோதித்துவிட்டு, "இந்த இரகத்தில் ஒடுக்கும் சர்க்கரை மிகுதி" என்று முடிவு கூறினால், நாம் அளந்தது இரகத்தை அன்று, நம் தாமதத்தை.

இரத்தமும் அவ்வாறே. குழாயில் எடுத்த பின்னும் சிவப்பணுக்கள் குளுக்கோசை உண்கின்றன. அறை வெப்பநிலையில் மணிக்கு 5 முதல் 7 விழுக்காடு வரை குளுக்கோஸ் குறையும். அதனைத் தடுக்கவே சோடியம் ஃபுளூரைடு இட்ட குழாயில் சர்க்கரைச் சோதனைக்கு இரத்தம் எடுக்கின்றனர். பாஸ்பரசிலோ நிலைமை தலைகீழ். சிவப்பணுக்களுக்குள் கரிமப் பாஸ்பேட்டுகள் நிறைய உண்டு. சீரத்தைப் பிரிக்கத் தாமதித்தாலோ, குலுக்கி அணுக்களை உடைத்தாலோ, அவை வெளிவந்து சிதைந்து பாஸ்பரஸ் அளவை உயர்த்தும். செந்நிறம் ஏறிய சீரத்தைப் பாஸ்பரஸ் சோதனைக்கு ஏற்கலாகாது.

புரதத்தை நீக்க, 1 மி.லி. சீரத்தோடு 10 விழுக்காடு டிரைகுளோரோ அசிட்டிக் அமிலம் 9 மி.லி. சேர்த்துக் கலக்கி வடிகட்டுவோம். வடிநீர் 5 மி.லி. எடுத்தால் அதில் இருப்பது 0.5 மி.லி. சீரம். அதனோடு இரண்டாம் மாலிப்டேட் கரைசல் 1 மி.லி.யும் ஒடுக்கும் கரைசல் 0.4 மி.லி.யும் சேர்த்து 10 மி.லி. ஆக்குவோம். திட்டக் கரைசலைப் பத்தாக நீர்த்து 5 மி.லி. எடுத்தால் பாஸ்பரஸ் 0.04 மி.கி. மாதிரியின் அளவீடு 0.20, திட்டத்தின் அளவீடு 0.40 என்றால், 0.20ஐ 0.40ஆல் வகுத்து, 0.04ஆல் பெருக்கி, 0.5ஆல் வகுத்து, 100ஆல் பெருக்க, 4.0 மி.கி. என்ற விடை வருகிறது. இந்தக் கணக்கில் உள்ள ஒவ்வோர் எண்ணும் முன்சொன்ன ஏதோ ஒரு தயாரிப்பைச் சாட்சியாகக் கொண்டு நிற்பதைக் காண்க.

இரத்தம் கையாள வசதியில்லாத நம்போன்ற கல்லூரிகளில் மாதிரிக்குப் பஞ்சமில்லை. முளைகட்டிய கேழ்வரகை அரைத்துக் குளிர்ந்த தாங்கல் கரைசலில் சாறெடுத்தால் அமிலேஸ் கிடைக்கும். பாலில் அசிட்டிக் அமிலத்தைத் துளித்துளியாகச் சேர்த்து பி.எச். 4.6க்குக் கொண்டுவந்தால் கேசீன் திரியும். நிலக்கடலையில் புரதம் உண்டு. எந்தச் சாறாயினும் பனிக்கட்டியில் வைத்து அன்றே பயன்படுத்துதல் வேண்டும்.

வெற்றுச் சோதனையும் பெயர்ச்சீட்டும்

மாதிரி தவிர மற்றவை அனைத்தும் சேர்ந்த குழாயே வெற்றுச் சோதனை. நேரமில்லை என்று மாணவர்கள் முதலில் கைவிடுவது இதனையே. ஆனால் நீரின் குறை, குழாயின் குறை, கரைசலின் குறை ஆகிய மூன்றையும் ஒருங்கே காட்டிக்கொடுப்பது அதுதான். நம் சோதனையில் வெற்றுக் குழாய் நீலமானால், மேலே செல்லாமல் நின்று காரணம் தேடுக.

குப்பியில் பொருளின் பெயர், செறிவு, தயாரித்த நாள், தயாரித்தவர் பெயர் ஆகிய நான்கும் எழுதியிருக்க வேண்டும். பெயரில்லாத தெளிந்த கரைசல் நீராகவும் இருக்கலாம், நஞ்சாகவும் இருக்கலாம். எடுத்த கரைசலில் மிச்சத்தைத் திரும்பக் குப்பியில் ஊற்றுவது சிக்கனம் போலத் தோன்றும்; உண்மையில் ஒரு மி.லி.யை மிச்சப்படுத்தி ஒரு லிட்டரைப் பாழாக்குவதாகும்.

முடிவுரை

செய்முறைத் தேர்வில் விடை சரியாக வராதபோது, பக்கத்து மேசையின் அளவீட்டைப் பார்த்துக் கணக்கைச் சரிக்கட்டும் பழக்கம் நம்மிடையே இல்லையென்று கூற இயலாது. அவ்வாறு சரிக்கட்டுவோர் மதிப்பெண் பெறலாம். ஆனால் தமக்குக் கிடைத்த அளவீடு ஏன் வேறுபட்டது என்று கேட்கும் வாய்ப்பை இழக்கின்றனர். நிறம் தாமதமாக ஏறியதைக் கண்டு சுப்பாராவும் ஃபிஸ்கேயும் ஏட்டைச் சரிக்கட்டியிருந்தால், பாஸ்போகிரியாட்டினை அறிவிக்கும் பெருமை அவர்களுக்குக் கிட்டியிராது.

தன் கரைசலைத் தானே செய்தவன் தன் அளவீட்டை நம்பி நிற்கலாம். அது பிறர் அளவீட்டோடு ஒத்திருப்பினும், ஒவ்வாதிருப்பினும். ஆகவே விரிவுரையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஒவ்வொரு பருவத்திலும் ஒரு சோதனைக்கேனும் எல்லாக் கரைசல்களையும் மாணவரே தயாரிக்க வாய்ப்பளிக்க வேண்டும். அன்று சோதனை முடியாமற் போனாலும் பாதகமில்லை. மாணவ நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அடுத்த செய்முறை வகுப்பில் குப்பியைத் திறக்கும் முன் அதன் சீட்டைப் படியுங்கள். நாளோ செறிவோ அதில் இல்லையென்றால், திறக்காமல் கேளுங்கள்.